சர்வீஸ் தொழிலுக்கு எந்த இமேஜிங் மென்பொருள்?

கேள்வி: கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழில் நடத்துகிறேன். நானும் இன்னொரு டெக்னீஷியனும் இருக்கிறோம். இதுவரை மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை எங்கள் கணினி ஒன்றில் போட்டு, வருகிற டிஸ்க்குகளை டாக்கில் (டிஸ்க்கை யுஎஸ்பி வழியாக இணைக்கும் பெட்டி) செருகி இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு நகலை ஃபைலாக, எடுத்து வந்தோம். இப்போது அதற்கு அப்டேட் வருவதில்லை. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளே போதும் என்கிறார் ஒருவர். காசு கொடுத்து டெக்னீஷியன் லைசென்ஸ் வாங்கிவிடு என்கிறார் இன்னொருவர். போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்கும் குளோன் ஓடும்போதே 40 சதவீதத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த டிஸ்க் எழவே இல்லை. வேறு மென்பொருள் இருந்திருந்தால் தப்பித்திருக்குமா? எடுத்த இமேஜ்களை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்? கோஸ்ட் என்ற பழைய மென்பொருளில் எடுத்த இமேஜ்கள் ஒரு டிஸ்க் நிறையக் கிடக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

பதில்:

அந்த 40 சதவீத டிஸ்க்கிலிருந்தே தொடங்குகிறேன். எந்த மென்பொருள் என்ற கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

பேக்கப் மென்பொருள்கள் எல்லாமே, இலவசமானாலும் விலை கொடுத்து வாங்கியதானாலும், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை. முதல் பார்டிஷனில் ஆரம்பித்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். வழியில் ஒரு செக்டாரை (டேட்டா எழுதப்படும் சிறு துண்டு) படிக்க முடியவில்லை என்றால், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் தானாகவே பலமுறை முயன்று பார்க்கும். அது கைவிரித்த பிறகு இயங்குதளம் திரும்பக் கேட்கும். அதற்கும் மேல் மென்பொருள் தன் பங்குக்குக் கேட்கும். வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு 40 சதவீதத்தில் நிற்பதாகத் தெரிகிறது. உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட் அதே கெட்ட இடத்தின் மேல் நிமிடக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறது. ஏற்கனவே பலவீனமான ஹெட்டுக்கு அந்த அலைச்சலே போதும். மீதி 60 சதவீதம் ஒருவேளை சுத்தமாகவே இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கும் முன்பே டிஸ்க் போய்விட்டது.

இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. கட்டற்ற மென்பொருள், லினக்ஸின் கறுப்புத் திரையில் ஓடுவது, பார்க்க அழகு ஒன்றும் இல்லை. ஆனால் அது டிஸ்க்கை அணுகும் முறையே வேறு. முதல் சுற்றில் எளிதாகக் கிடைப்பதை மட்டும் அள்ளிக்கொள்ளும். ஓர் இடத்தில் பிழை வந்தால் அங்கே நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிப்போகும்; பிழைகள் தொடர்ந்து வந்தால் தாண்டும் தூரமும் கூடிக்கொண்டே போகும். அப்புறம் எதிர்த்திசையிலிருந்தும் வந்து பார்க்கும். நல்ல பகுதி முழுவதும் கைக்கு வந்த பிறகுதான் கெட்ட பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியாக ஒவ்வொரு செக்டாராகச் சுரண்டும். மறுமுயற்சி என்பது நீங்கள் கேட்டால்தான் நடக்கும். இந்தச் சுரண்டும் கட்டத்தை முதல் ஓட்டத்தில் வேண்டாம் என்று சொல்லி விட முடியும். மோசமான டிஸ்க்குகளில் நான் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கச் சொல்வேன்.

இன்னொரு முக்கியமான சங்கதி, அதன் மேப் ஃபைல். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவில்லை என்ற கணக்கு முழுவதும் அதில் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் நிறுத்தி, டிஸ்க்கை ஆற விட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மின்சாரம் போனாலும் அதே. மேப் ஃபைலின் பெயரைக் கொடுக்காமல் டிடிரெஸ்க்யூவை ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் பாதியில் நின்றால் அவர்கள் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் டிஸ்க் தாங்குமா என்பது வேறு விஷயம்.

டெபியன், உபுண்டு வகையறாவில் இதை நிறுவும்போது பொதியின் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' சேர்ந்திருக்கும். டிடி, ரெஸ்க்யூ இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு போட்ட பெயரில் இன்னொரு கருவியும் உண்டு. அது வேறு ஒருவர் எழுதியது, கட்டளைகளும் வேறு. நிறுவுகிற தொல்லையே வேண்டாம் என்றால் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். டிடிரெஸ்க்யூ, ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவு) பார்க்கும் கருவி, பார்ட்குளோன், டெஸ்ட்டிஸ்க் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

பெரிய டிஸ்க், கொஞ்சமே டேட்டா என்றால் இன்னொரு வழி. 2 டிபி டிஸ்க்கில் 150 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலி இடத்தை எல்லாம் படிக்க வைத்து டிஸ்க்கை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்? பார்ட்குளோன் அந்தப் பார்டிஷனில் எந்த இடம் நிரம்பியிருக்கிறது என்ற அட்டவணையைப் படித்து, டேட்டா இருக்கும் பகுதிகளின் பட்டியலை டிடிரெஸ்க்யூவுக்குப் புரியும் வடிவில் எழுதித் தரும். அந்தப் பட்டியலைக் கொடுத்தால் அந்த இடங்களை மட்டும் முதலில் எடுக்கலாம். அட்டவணையே கெட்டிருந்தால் இது நடக்காது. இன்னும் பிடிவாதமான டிஸ்க்குகளுக்கு ஓப்பன்சூப்பர்குளோன் இருக்கிறது. டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாமே கட்டுப்படுத்தலாம். கற்றுக்கொள்ள நேரம் பிடிக்கும். டிடிரெஸ்க்யூ கைவந்த பிறகு அதன் பக்கம் போனால் போதும்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: தப்பித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அதற்கு மேல் யாரும் உத்தரவாதம் தர முடியாது. டிஸ்க் டிக் டிக்கென்று தட்டுகிறது, பயாஸில் தெரியவே இல்லை, தெரிந்தாலும் கொள்ளளவு பூஜ்ஜியம் என்று காட்டுகிறது, கீழே விழுந்த டிஸ்க் என்று வாடிக்கையாளரே சொல்கிறார் என்ற நிலைகளில் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். மின்சாரத்தையே கொடுக்காதீர்கள். பிசி-3000, டீப்ஸ்பார் போன்ற வன்பொருள் கருவிகளும் தூசியற்ற அறையும் வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி ஆய்வகத்தின் வேலை அது. நீங்கள் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு அனுப்பினால் அவர்களுக்கும் கைக்கு எட்டாமல் போகலாம். வாடிக்கையாளரிடம் அந்தச் செலவைச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கட்டும்.

இதையெல்லாம் முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? இமேஜ் பொத்தானை அழுத்துமுன் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் 05, சி5, சி6 என்று மூன்று வரிகள் இருக்கும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள், சரிசெய்ய முடியாத செக்டார்கள். இவற்றின் மூல மதிப்பு பூஜ்ஜியத்தைத் தாண்டியிருந்தால், குறிப்பாகச் சி5 தாண்டியிருந்தால், அந்த டிஸ்க் டிடிரெஸ்க்யூ வரிசைக்குப் போகட்டும். 05 மட்டும் சின்ன எண்ணாக இருந்து நெடுநாளாக ஏறாமல் இருந்தால் சாதாரண வழியில் எடுக்கலாம், ஆனாலும் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். என்விஎம்இ எஸ்எஸ்டியில் இந்த வரிகள் இருக்காது. அங்கே பார்க்க வேண்டியவை மிச்சமிருக்கும் உதிரி இடமும், டேட்டா நேர்மைப் பிழைகளின் எண்ணிக்கையும். எஸ்எஸ்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: எல்லாம் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று செத்துப்போகும்.

ஸ்மார்ட் நல்லபடியாக இருக்கிறது என்பதால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று சொல்லி வரும் பழைய லேப்டாப்களில் கணிசமானவை உண்மையில் டிஸ்க் சாகக் கிடப்பவை. வைரஸ் என்று நினைத்து ஸ்கேன் ஓட்டுவதும், செக்டிஸ்க் போடுவதும் அந்த நேரத்தில் செய்யவே கூடாதவை. செக்டிஸ்க் ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. உங்கள் டேட்டாவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. படிக்க முடியாத அட்டவணைப் பதிவுகளை அது வெட்டி எறிந்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும். குளோன் எடுத்த பிறகு, குளோனின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே காரணத்துக்காகத்தான், சந்தேகமான டிஸ்க்கை விண்டோஸ் ஓடும் கணினியின் டாக்கில் செருகுவதை நிறுத்துங்கள் என்று சொல்கிறேன். செருகியதும் விண்டோஸ் தானாக மவுண்ட் செய்யும், எழுதும், ஆன்டிவைரஸ் உள்ளே போய் மேயும். டாக் என்பதே சந்தேகத்துக்குரிய இடைத்தரகர். சில டாக்குகள் ஸ்மார்ட் விவரத்தை வெளியே விடுவதில்லை. சில, செக்டார் அளவை 512 பைட்டிலிருந்து 4096 ஆக மாற்றிக் காட்டும். அதில் பார்டிஷன் போட்ட டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டின் டிஸ்க் முனையான சாட்டாவில் மாட்டினால் பார்டிஷனே தெரியாது. பிழை வந்ததும் தொடர்பையே துண்டித்துக்கொள்ளும் டாக்குகளும் உண்டு. மோசமான டிஸ்க்கை மதர்போர்டின் சாட்டா முனையில் நேரடியாக மாட்டி, லினக்ஸில் பூட் செய்து எடுங்கள். எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்று மட்டும் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். சீரியல் எண்ணை வைத்து அடையாளம் காணுங்கள். மூலமும் இலக்கும் மாறிப்போனால் அந்த நிமிடத்தோடு எல்லாம் முடிந்தது.

இனி நல்ல டிஸ்க்குகளுக்கு வருவோம். உங்களிடம் வருபவற்றில் அதிகம் இவையாகத்தான் இருக்கும்: எஸ்எஸ்டிக்கு மாற்றுவது, ஓ.எஸ். மறுபடி போடும் முன் எடுத்து வைப்பது, பெரிய அப்டேட்டுக்கு முன் எடுத்து வைப்பது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் கடைசி வகைக்குக் குறைவிருக்காது.

உங்கள் இரண்டு நண்பர்களும் சொல்வதில் உண்மை இருக்கிறது. குளோன்சில்லாவை வியாபாரத்தில் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் ஓட்டலாம், லைசென்ஸ் தொல்லை இல்லை. நிரம்பிய பகுதியை மட்டும் படிப்பதால் வேகமாக முடியும். லினக்ஸ், விண்டோஸ், மேக் ஃபைல் அமைப்புகள் பலவற்றையும் அறியும். அறியாததைச் செக்டார் வாரியாக எடுத்துக்கொள்ளும். அதன் குறைகள் உங்கள் தொழிலில் உடனே உறுத்தக்கூடியவை. இமேஜிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுப்பது அதற்குள் முடியாது. பொதுவாக இலக்கு டிஸ்க் மூல டிஸ்க்குக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 90 ஜிபி மட்டும் இருந்தாலும், 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற முதலில் பார்டிஷனைச் சுருக்கியாக வேண்டும். அப்புறம் அந்தக் கேள்வித் திரைகள். பழகியவருக்கு ஒன்றுமில்லை. புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் அவசரத்தில் இரண்டு திரைகளைப் படிக்காமல் என்டர் தட்டினால் வாடிக்கையாளரின் டிஸ்க் அழிந்துவிடும்.

அந்தத் திரைகள் பயமாக இருந்தால் ரெஸ்க்யூசில்லா. சுட்டியால் சொடுக்கி நகரும் திரை, குளோன்சில்லா எடுத்த இமேஜையும் படிக்கும், இமேஜைத் திறந்து ஃபைல் எடுக்கவும் ஒரு வசதி வைத்திருக்கிறது. உங்கள் இடத்தில் இருந்தால் இலவசத்தில் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். குளோன்சில்லாவை அது முடியாதபோது எடுப்பேன்.

காசு கொடுத்து வாங்குவதில் என்ன கிடைக்கிறது? இமேஜை ஒரு டிரைவ் எழுத்தாக மவுண்ட் செய்து, "என் பொண்ணு கல்யாண போட்டோ மட்டும் கொடுங்க" என்று கேட்பவருக்கு இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம். சிறிய டிஸ்க்குக்கு இறக்கும்போது பார்டிஷன்களை இழுத்து அளவு மாற்றலாம். மேக்ரியத்தில் ரீடிப்ளாய், அக்ரோனிஸில் யூனிவர்சல் ரீஸ்டோர் என்று வேறு மதர்போர்டில் இறக்கினாலும் பூட் ஆகும்படி டிரைவர் செருகும் வசதி இருக்கிறது. மேக்ரியத்தில் இமேஜையே ஒரு மெய்நிகர் கணினியாக (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. பழைய கணக்கு மென்பொருளை எப்படிப் போட்டிருந்தார்கள் என்று பின்னால் பார்க்க வேண்டி வந்தால் அது தங்கம். மாதத்துக்கு நாலைந்து எஸ்எஸ்டி மாற்றம் செய்பவருக்கே இந்த நேர மிச்சம் லைசென்ஸ் விலையை ஈடுகட்டிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எந்த லைசென்ஸ் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீட்டு உபயோகப் பதிப்பு என்பது வாங்கியவரின் சொந்தக் கணினிக்கு. அதை வாடிக்கையாளர்களின் கணினிகளில் ஓட்டுவது ஒப்பந்த மீறல். வணிகப் பதிப்பு என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் ஒரு கணினிக்கு ஒன்று என்ற கணக்குத்தான். உங்களுக்கு வேண்டியது, ஒரு டெக்னீஷியன் பென் டிரைவில் எடுத்துப்போய்ப் பல வாடிக்கையாளர்களின் கணினிகளில் ஓட்டலாம் என்று எழுத்தில் அனுமதிக்கும் வகை. மேக்ரியம், ஏஓஎம்இஐ, ஈஸ்யூஎஸ் ஆகியவை டெக்னீஷியன் என்ற பெயரிலேயே அப்படி விற்கின்றன. வாங்குமுன் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள்: கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை செய்யலாமா, டெக்னீஷியன் இருவர் என்றால் இரண்டு லைசென்ஸா, சந்தா முடிந்த பிறகு பழைய இமேஜ்களைத் திறந்து இறக்க முடியுமா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் விற்பனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தரும் குளோன் மென்பொருள்களும் இருக்கின்றன. அவர்களின் டிஸ்க் செருகியிருந்தால்தான் ஓடும். ஒரு குறிப்பிட்ட வேலைக்குச் சரி, அதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

நீங்கள் பயன்படுத்தும் இலவச மேக்ரியத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டன. இன்றைக்கும் ஓடத்தான் செய்யும். ஆனால் அதில் செய்த மீட்புப் பென் டிரைவ், அதாவது கணினியை வெளியிலிருந்து பூட் செய்ய உதவுவது, புதிய லேப்டாப்களில் தடுமாறும்.

அந்தத் தடுமாற்றத்துக்கு அடிப்படை இரண்டு. முதலாவது, எஸ்எஸ்டிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் உட்காரும் இன்டெல்லின் விஎம்டி. பதினோராம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். விண்டோஸ் பிஇ (மீட்பு வேலைக்கான சின்ன விண்டோஸ்) கொண்டு செய்த மீட்புப் பென் டிரைவில் அதற்கான டிரைவர் இல்லை என்றால் உள்ளே எஸ்எஸ்டியே இல்லை என்று காட்டும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் புதிது மாற்றியவர்கள் இருக்கிறார்கள்! மீட்பு ஊடகம் செய்யும்போதே இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைச் சேர்த்துவிடுங்கள். இப்போதைய லினக்ஸ் கர்னல்களுக்கு விஎம்டி தெரியும். ஆனால் அதற்கு முந்திய தலைமுறைகளில் என்விஎம்இயை ரெய்டு என்ற பயாஸ் முறைக்குள் மறைத்து வைத்திருக்கும் லேப்டாப்களில் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியாது, விண்டோஸ் பிஇ-தான் கைகொடுக்கும். பயாஸில் போய் முறையை மாற்றிவிட்டு இமேஜ் எடுத்தால், முடித்ததும் மறக்காமல் பழையபடி வையுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

இரண்டாவது, நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட். பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பழைய பூட் மேனேஜர்களைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் 2023-இலிருந்து கட்டம் கட்டமாகச் செய்து வருகிறது. 2011-இல் கொடுக்கப்பட்ட சான்றிதழ்களின் ஆயுளும் 2026-இல் முடிகிறது. அந்தத் தடை ஏறிய கணினியில் பழைய விண்டோஸ் பிஇ பென் டிரைவ் பூட் ஆகாது. எந்த மென்பொருளை வாங்கினாலும் மீட்பு ஊடகத்தை அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் பிஇ ஒன்று, லினக்ஸ் ஒன்று என இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

செக்யூர் பூட்டை அணைப்பது, விஎம்டியை மாற்றுவது, மதர்போர்டு மாற்றுவது எல்லாமே விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைக் கிளப்பிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் சாதனக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. வாடிக்கையாளருக்கே அது தெரியாது. "நான் எதுவும் லாக் போடலை" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான், போட்டது விண்டோஸ். ஆகவே கணினியை வாங்கி வைக்கும்போதே, அவர் எதிரில் இருக்கும்போதே, 48 இலக்க மீட்புச் சாவியை அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சாவி இல்லாமல் வெளியிலிருந்து பூட் செய்து எடுக்கும் இமேஜ், பூட்டிய நிலையிலேயே செக்டார் வாரியாக வரும். காலி இடம் நிரம்பிய இடம் என்று பிரிக்க முடியாது, 1 டிபி டிஸ்க் என்றால் 1 டிபியும் வரும், சுருங்கவும் செய்யாது. சாவி கொடுத்துத் திறந்து எடுத்தால் சின்னதாக வரும், ஆனால் இமேஜ் குறியாக்கம் இல்லாமல் திறந்து கிடக்கும். அந்த வித்தியாசம் நீங்கள் கேட்ட சேமிப்புக் கேள்வியில் வந்து நிற்கும்.

அதற்கு முன் சில்லறைச் சங்கதிகள். குளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டியபடி விண்டோஸைத் தொடங்காதீர்கள். அடையாள எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், சில நேரம் எண்ணை மாற்றியும் எழுதிவிடும். பெரிய எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகு சி டிரைவை நீட்ட முடியவில்லை என்றால் நடுவில் மீட்புப் பார்டிஷன் உட்கார்ந்திருக்கும், அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். இமேஜைச் சரிபார்க்கும் வசதி, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். பூட் ஆகுமா என்று சொல்லாது. புதிய மென்பொருளை நம்புமுன் ஓர் உதிரி எஸ்எஸ்டியில் ஒருமுறை இறக்கிப் பூட் செய்து பாருங்கள். வேகத்தைப் பற்றி விளம்பரங்களில் வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். கழுத்தைப் பிடிப்பது வயர்தான். யுஎஸ்பி 2.0 முனையில் நொடிக்கு 35 எம்பி போல வந்தால் 500 ஜிபிக்கு நான்கு மணி நேரம். கிகாபிட் நெட்வொர்க்கில் 110 எம்பி வந்தால் ஒன்றேகால் மணி.

இமேஜ்களை எவ்வளவு நாள்? அது அடுத்தவர் வீட்டு ஆல்பம், வங்கிக் கணக்கு, சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அடங்கிய பொதி. இருக்கட்டும் பின்னால் உதவும் என்று சேர்த்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். வேலை ரசீதிலேயே ஒரு வரி அச்சிடுங்கள்: இமேஜ் எடுக்கப்படும், கணினியைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாளில் அழிக்கப்படும். கையெழுத்து வாங்குங்கள். 30 என்பது என் கணக்கு. "அந்த ஃபைலைக் காணோமே" என்று வருபவர்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார்கள். சேமிக்கும் டிஸ்க்கையே குறியாக்கம் செய்து வையுங்கள், இணையத்திலிருந்து எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இமேஜின் பெயரில் வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், ரசீது எண் போதும். அழிப்பது யார் பொறுப்பு என்று உங்கள் இருவருக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்; பொதுவாக விட்டால் யாரும் அழிக்க மாட்டார்கள். டிஸ்க் செத்து நீங்கள் குளோனிலிருந்து மீட்டுக் கொடுத்த வேலைகளில் மட்டும் வாடிக்கையாளர் கேட்டால் கொஞ்சம் கூட வைத்திருக்கலாம், அதையும் எழுதி வாங்கிக்கொண்டு.

கடைசியாக அந்தக் கோஸ்ட் மலை. எந்த மென்பொருளில் எடுத்தாலும் "கோஸ்ட் போட்டாச்சு" என்று இன்றும் சொல்கிற அளவுக்கு அது ஆண்டது. சைமன்டெக் 1998-இல் வாங்கிய அந்தப் பொருளின் நார்ட்டன் பதிப்பு 2013-இல் நிறுத்தப்பட்டது. உங்களிடம் இருப்பவற்றை ஃபைல் நீட்டிப்பை வைத்து இரண்டாகப் பிரியுங்கள். ஜிஎச்ஓ என்று முடிபவை பழைய கோஸ்ட், கோஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் திறக்கும். வி2ஐ என்று முடிபவை பிற்கால நார்ட்டன் கோஸ்ட், அவற்றை வெரிடாஸ் சிஸ்டம் ரெக்கவரி படிக்கும். அவற்றில் உங்கள் சொந்தக் கணினிகளின் இமேஜ் ஏதாவது இருந்து, உண்மையிலேயே வேண்டுமென்றால், ஒரு மெய்நிகர் கணினியில் இறக்கி உள்ளே இருக்கும் ஃபைல்களைச் சாதாரண ஃபைல்களாக வெளியே எடுத்துவிடுங்கள். மற்றவை எல்லாம் எப்போதோ வந்து போன வாடிக்கையாளர்களுடையவை. யாரும் கேட்டு வரப்போவதில்லை, வைத்திருக்க உங்களுக்கு அனுமதியும் இல்லை. வெறுமனே டெலிட் செய்தால் போதாது. அந்த டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முழுவதும் ஒருமுறை பூஜ்ஜியத்தால் எழுதிவிட்டு, ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். நன்றாக இருந்தால் அதையே டிடிரெஸ்க்யூ வேலைகளுக்கான இலக்கு டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.